மாயையைச் சுட முடியுமா?

ஒரு திரைப்படம் வெளிவந்து கால் நூற்றாண்டு கடந்த பின்னும் அதைப் பற்றிய வழக்கு தீராமல் இருக்கிறது. கனடா நாட்டு இயக்குநர் டேவிட் குரோனன்பெர்க் எழுதி இயக்கி, 1999இல் வெளியிட்ட ‘எக்சிஸ்டென்ஸ்’ என்னும் படமே அது. அவ்வாண்டு பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழா அதற்கு வெள்ளிக் கரடி விருது அளித்துப் பெருமைப்படுத்தியது. ஏப்ரலில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தபோதோ, சில வாரங்களுக்கு முன்னரே வந்துவிட்ட ‘மேட்ரிக்ஸ்’ படத்தின் ஆரவாரத்தில் அதன் குரல் அமுங்கிப் போயிற்று. ஆழமான படம் என்று போற்றுவோர் அன்றும் இருந்தனர்; இன்றும் உள்ளனர். அருவருப்பையும் குழப்பத்தையும் குழைத்துத் தந்த படம் என்று தூற்றுவோரும் அன்று போலவே இன்றும் உள்ளனர்.

அண்மையில் நம் படிப்பகத்துத் தோழர்களோடு அமர்ந்து அப்படத்தைப் பார்த்தோம். படம் ஓடியது ஒன்றரை மணி நேரம். வாதம் ஓடியது மூன்று மணி நேரம். பிரிந்து நின்றவை இரண்டு கட்சிகள் அல்ல, நான்கு கட்சிகள். அந்த நான்கில் ஒன்று நம்மைத் திடுக்கிட வைத்தது. அதன் பொருட்டே இதை எழுதுகிறோம்.

கதையை முதலில் சுருக்கிக் கூறுவோம். கதை தெரியாமல் கட்சி விளங்காது.

காலம், எதிர்காலம். எந்த ஆண்டு, எந்த நாடு என்று படம் சொல்லவில்லை. தேவாலயம் போன்று தோன்றும் ஒரு கூடத்தில் மக்கள் திரண்டிருக்கின்றனர். அவர்கள் வந்தது வழிபட அல்ல, புதிய விளையாட்டு ஒன்றை ஆடிப் பார்க்க. படத்தின் பெயரே விளையாட்டின் பெயர். அதைப் படைத்தவள் அலெக்ரா கெல்லர். ஜெனிஃபர் ஜேசன் லீ அந்தப் பாத்திரத்தை ஏற்றிருக்கிறார். கூட்டத்தார் அவளைப் பார்க்கும் பார்வையில் பக்தி சொட்டுகிறது. விளையாட்டுக் கருவியோ இரும்பாலும் கண்ணாடியாலும் ஆனதல்ல. நீரிலும் நிலத்திலும் வாழும் உயிரினங்களின் முட்டையிலிருந்து வளர்க்கப்பட்ட சதைப் பிண்டம். அதிலிருந்து கொப்பூழ்க்கொடி போல் ஒரு குழாய் நீள்கிறது. ஆடுபவர் தம் முதுகெலும்பின் அடியில் துளையிட்டுக்கொண்டு, அத்துளையில் அக்குழாயைச் செருகவேண்டும். செருகியதும் புறவுலகம் மறைகிறது; விளையாட்டின் உலகம் விரிகிறது. மெய்நிகர் உலகம் என்று இன்று நாம் சொல்வதன் முற்றிய வடிவம் அது.

ஆட்டம் தொடங்கும் வேளையில் ஓர் இளைஞன் பாய்ந்து எழுகிறான். எலும்பாலும் சதையாலும் செய்த துப்பாக்கி அவன் கையில். அதன் குண்டு மனிதப் பல்! அலெக்ராவை அரக்கி என்று கூவி, அவள் சாகவேண்டுமென்று சுடுகிறான். அவன் மெய்ம்மையாளர் என்ற மறைமுகப் படையைச் சேர்ந்தவன். பொய்யுலகைப் படைத்து மக்களை மயக்குபவளைக் கொன்றால் மெய்யுலகம் பிழைக்கும் என்பது அப்படையின் கொள்கை. தோளில் காயம்பட்ட அவளை டெட் பைக்குல் என்ற இளைஞன் காப்பாற்றி அழைத்துச் செல்கிறான். ஜூட் லா ஏற்ற பாத்திரம் இது. அவள் தலைக்கு விலை வைக்கப்பட்டிருக்கிறது. வழியில் ஒரு பெட்ரோல் நிலையக்காரன் அவளைக் கண்டதும் தெய்வத்தைக் கண்டவன் போல் உருகுகிறான். அவள் முன்பு படைத்த விளையாட்டு தன் வாழ்வையே மாற்றியது என்கிறான். சிறிது நேரத்தில் அவனே, பரிசுப் பணத்துக்காக, அவளைக் கொல்லத் துணிகிறான்.

தப்பிய இருவரும், தாக்குதலில் விளையாட்டுக்குச் சேதம் ஏற்பட்டதா என்று அறிய, தாமே அதற்குள் நுழைகின்றனர். அதன் உள்ளே இன்னொரு விளையாட்டு. எது உள், எது வெளி என்று அவர்களுக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. இறுதியில் எல்லோரும் விழித்தெழுகின்றனர். நாம் இதுவரை கண்ட அனைத்தும், அலெக்ராவே படைப்பாளி என்பது உட்பட, ‘டிரான்சென்டென்ஸ்’ என்ற வேறொரு விளையாட்டின் காட்சிகளாம்! அதைப் படைத்தவன் யெவ்கெனி நூரிஷ். ஆட்டத்தில் இவ்வளவு விளையாட்டு எதிர்ப்பு ஏன் புகுந்தது, யாருடைய மனத்திலிருந்து புகுந்தது என்று அவன் கவலைப்படுகிறான். கவலைக்கு விடை உடனே கிடைக்கிறது. உண்மையைச் சிதைத்த குற்றத்துக்குத் தண்டனை வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே, அலெக்ராவும் பைக்குலும் தாம் வளர்க்கும் நாயின் உடலில் மறைத்து வைத்திருந்த துப்பாக்கிகளை எடுத்து அவனைச் சுட்டுக் கொல்கின்றனர். அவர்களே உண்மையில் மெய்ம்மையாளர்கள்! வெளியேறும் வழியில் நின்ற ஒருவன்மீதும் துப்பாக்கி நீள்கிறது. அவன் நடுங்கியபடி, நாம் இன்னும் ஆட்டத்துக்குள்தான் இருக்கிறோமா என்று கேட்கிறான். விடை இல்லை. படம் முடிகிறது.

இனி, நான்கு கட்சிகளைப் பார்ப்போம்.

முதல் கட்சியார், இது வெறும் குழப்பம் என்றனர். சதையும் குருதியும் சளியுமாகக் காட்டிவிட்டுத் தெளிவான முடிவு ஒன்றும் சொல்லாத படத்தால் யாருக்கு என்ன நன்மை என்று கேட்டனர். அருவருப்பு உண்மைதான். ஆனால் அது வீணாகக் காட்டப்படவில்லை. மயக்கும் பொருளெல்லாம் பளபளப்பாக வரும் காலம் இது. அந்தப் பளபளப்பை உரித்து, மயக்கம் நம் முதுகில் துளை போட்டு உடலுக்குள் புகுகிறது என்பதைக் காட்டுகிறார் குரோனன்பெர்க். அவர் படத்தில் கணிப்பொறி இல்லை, தொலைக்காட்சிப் பெட்டி இல்லை. எந்திரத்தைப் பார்த்து வியக்க வந்தவர்களை, தம் உடலைப் பார்த்து அஞ்சும்படி செய்கிறார். கண்ணை மூடிக்கொள்ளத் தூண்டும் காட்சி சில வேளைகளில் கண்ணைத் திறக்கும் காட்சியாகவும் அமைவது உண்டு.

இரண்டாம் கட்சியார் புன்னகையோடு எழுந்தனர். உலகமே மாயை என்று நம் முன்னோர் சொன்னதை இன்று வெள்ளைக்காரன் படமெடுத்து மெய்ப்பித்துவிட்டான் என்றனர். இந்தப் பாட்டை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். எந்த நாட்டில் எது புதிதாகத் தோன்றினாலும் அது எங்கள் ஏட்டில் முன்பே இருக்கிறது என்று சொல்வோர் என்றும் குறைவதில்லை. இவர்களை ஒன்று கேட்கிறோம். உலகம் மாயை என்று போதித்தவர்கள், தங்கள் மடத்து நிலமும் மாயை என்று எப்போதாவது உழுதவனிடம் விட்டதுண்டா? பசித்தவனுக்கு மட்டும் பசி மாயை. பந்தியில் முதல் இலையில் அமர்ந்தவனுக்குச் சோறு மெய்! இப்படமோ அதைச் சொல்லவில்லை. பொய்யுலகம் தானே தோன்றிய ஒன்று என்று இதில் இல்லை. அதை ஆக்குபவர் இருக்கின்றனர், விற்கும் நிறுவனம் இருக்கிறது, போட்டி நிறுவனம் இருக்கிறது, ஒற்றர் இருக்கின்றனர், கருவியின் உறுப்புகளை அறுத்துச் சேர்க்கும் தொழிலாளர் நிறைந்த ஆலையும் இருக்கிறது. மாயை என்பது படைக்கப்படும் பொருள், விற்கப்படும் சரக்கு என்று சொல்லும் படம் மாயாவாதிக்குச் சாட்சி சொல்லாது. அவனைக் குறுக்கு விசாரணை செய்யும்.

பெயர்களையே பாருங்கள், தோழர்களே! படத்தின் பெயருக்கு நடுவே ‘இஸ்டென்’ என்ற ஒலி பொதிந்திருக்கிறது. ஹங்கேரிய மொழியில் அதன் பொருள் கடவுள். தயாரிப்பாளரில் இருவர் ஹங்கேரியில் பிறந்தவர்கள். ‘டிரான்சென்டென்ஸ்’ என்ற விளையாட்டின் பெயர், இவ்வுலகைக் கடந்த நிலை என்னும் பொருளை நினைவூட்டுவது. அதை விற்கும் நிறுவனத்தின் பெயரோ புனிதப் பயணம் என்று பொருள்படும் சொல். கூடம் தேவாலயம், விளையாட்டு பேரின்பம், நிறுவனம் புனிதப் பயணம்! கடவுள் நம்பிக்கை தமக்கு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்பவர் குரோனன்பெர்க். இப்பெயர்கள் தற்செயலாக வந்து விழுந்தவை என்று நாம் நினைக்கவில்லை. பழைய மயக்கம் இருந்த இடத்தில் புதிய மயக்கம் குடியேறும்போது, கட்டடத்தை மாற்றுவதில்லை. பலகையை மட்டுமே மாற்றுகிறது.

மூன்றாம் கட்சியார் நம் தோழர்களே. அவர்கள் முகத்தில் சினம் தெரிந்தது. பொய்யை எதிர்த்து மெய்க்காக நிற்பவர்களைக் கொலைகாரர்களாகக் காட்டுகிறதே, இது பகுத்தறிவாளரைப் பழிக்கும் படம் அல்லவா என்றனர்.

நான்காம் கட்சி ஒரே ஒருவர். இருபது வயது இளைஞர். நிறையப் படிப்பவர், சாதி மறுப்புத் திருமணங்களுக்கு முன்நின்று உழைப்பவர். அவர் அமைதியாகச் சொன்னார்: “அந்த இருவரும் செய்ததில் என்ன தவறு? நஞ்சு விற்பவனை வேறு எப்படித்தான் நிறுத்துவது?”

அறை ஒரு கணம் அமைதியாயிற்று. இரண்டொருவர் தலையசைத்ததையும் நாம் கண்டோம்.

தம்பியின் கேள்விக்கும், பழிக்கும் படம் என்ற தோழர்களின் சினத்துக்கும் விடை ஒன்றே. அந்த விடையைக் காண, இப்படம் பிறந்த கதையை அறியவேண்டும்.

1988 செப்டம்பரில் சல்மான் ருஷ்தி எழுதிய ‘சாத்தானின் வசனங்கள்’ என்னும் ஆங்கில நாவல் வெளிவந்தது. மறு மாதமே இந்திய அரசு அந்நூலை நாட்டுக்குள் இறக்குமதி செய்யத் தடை விதித்தது. 1989 பிப்ரவரி 14 அன்று ஈரானின் தலைவர் கோமெய்னி, அந்நூலாசிரியரைக் கொல்லவேண்டும் என்று மத ஆணை பிறப்பித்தார். ருஷ்தி தலைமறைவானார். 1991 ஜூலையில் அந்நூலின் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் ஹிட்டோஷி இகராஷி குத்திக் கொல்லப்பட்டார். அதே மாதத்தில் இத்தாலிய மொழிபெயர்ப்பாளர் கத்திக்குத்துக்கு ஆளாகி உயிர் தப்பினார். 1993 அக்டோபரில் நார்வே நாட்டுப் பதிப்பாளர் வில்லியம் நைகார்ட் சுடப்பட்டு, பிழைத்தார். 1995இல் ஓர் ஏட்டுக்காக ருஷ்தியைச் சந்தித்துப் பேட்டி கண்டவர் யார்? டேவிட் குரோனன்பெர்க்! ஒரு படைப்பாளி, தான் படைத்த ஒன்றுக்காகத் தலைக்கு விலை வைக்கப்பட்டு ஒளிந்து வாழ நேர்வதை அவர் நேரில் கண்டார். அந்தச் சிந்தனையிலிருந்து முளைத்ததே இந்தக் கதை.

நூலாசிரியரின் இடத்தில் விளையாட்டுப் படைப்பாளி. மதவெறியரின் இடத்தில் மெய்ம்மையாளர். இந்த இடமாற்றத்தில்தான் படத்தின் வல்லமை முழுதும் இருக்கிறது. மதவெறியனையே கொலைகாரனாகக் காட்டியிருந்தால், அது நமக்கு நேர்ந்ததல்ல என்று நாமும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். குரோனன்பெர்க் துப்பாக்கியை நம் மொழி பேசுபவன் கையில் கொடுத்தார். மெய் வாழ்க, பொய் ஒழிக என்று முழங்குபவன் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, இப்போது இவன் யார் என்று கேட்கிறார்.

அவன் யார்? பொய்யை மறுத்தவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறான். ஆனால் அவன் செய்வது என்ன? படைப்பாளியை அரக்கன் என்கிறான். அரக்கன் என்ற சொல் யாருடைய அகராதியில் உள்ள சொல்? தண்டனை என்கிறான். வழக்கு உண்டா, சான்று உண்டா, மறுமொழி கூற இடம் உண்டா? ஒன்றும் இல்லை. தான் கண்டதே மெய் என்பதில் அவனுக்கு அணுவளவும் ஐயமில்லை. ஐயமில்லாதவன் ஏற்றுக்கொண்டது எதுவாயினும் அது மதம் ஆகிவிடுகிறது. கோமெய்னியின் ஆணையில் இருந்த அதே உறுதிதான் அந்தத் துப்பாக்கியின் விசையிலும் இருக்கிறது.

படத்தின் இடையே ஒரு காட்சி. விளையாட்டுக்குள் ஓர் உணவு விடுதி. பைக்குல் உண்ண அமர்கிறான். தட்டில் வந்த விலங்கின் எலும்புகளை, ஆட்டத்தின் உந்துதலால், தன்னை அறியாமலே ஒன்றோடொன்று பொருத்துகிறான், துப்பாக்கி உருவாகிறது. அதைக் கொண்டு, உணவு பரிமாறிய சீனரைச் சுட்டு வீழ்த்துகிறான். ஏன் கொன்றான்? அவனுக்கே தெரியாது. ஆட்டம் உந்தியது, கை இயங்கியது! விதி என்றும், ஆண்டவன் கட்டளை என்றும் சொல்லிக் குருதி சிந்தியவர்களின் வரலாறு முழுதும் இந்த ஒரு காட்சியில் அடங்கிவிடுகிறது. இறுதியில், நாம் இன்னும் ஆட்டத்துக்குள்தான் இருக்கிறோமா என்று நடுங்கிக் கேட்பவன் வேறு யாருமல்லன், அந்த விடுதிக்காரராக ஆடியவனே! ஆட்டத்தில் ஒரு முறை கொல்லப்பட்டவன், விழித்த பின்னும் துப்பாக்கி முனையில் நிற்கிறான். ஆகவே, மெய்ம்மையாளர் விழித்தது உண்மையா? கொல்லும் உந்துதல் அவர்களை விட்டுப் போகவில்லையே! ஆட்டம் முடிந்தது என்று அவர்கள் எண்ணுகின்றனர். ஆட்டமே அவர்களை ஆட்டிக்கொண்டிருக்கிறது.

துப்பாக்கியின் மறுமுனையில் நிற்பவர் யார் என்பதையும் நம் தம்பி எண்ணிப் பார்க்கவேண்டும். 2013 ஆகஸ்டில் புனேயில் நரேந்திர தபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். மூடநம்பிக்கையை எதிர்த்து வாழ்நாளெல்லாம் உழைத்த மருத்துவர் அவர். 2015இல் கோவிந்த் பன்சாரேயும், தார்வாடில் எம்.எம்.கல்புர்கியும் சுடப்பட்டு இறந்தனர். 2017 செப்டம்பரில் பெங்களூரில் கௌரி லங்கேஷ் தம் வீட்டு வாயிலில் சுட்டு வீழ்த்தப்பட்டார். அதே ஆண்டு மார்ச்சில் நம் கோவையில் ஒரு பகுத்தறிவாளர், கடவுள் இல்லை என்று சொன்னதற்காக, வெட்டிக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் ஒவ்வொருவரும் தம்மை மெய்யின் காவலர் என்றே எண்ணியிருப்பர். நம் மேசையில் இருந்தவை துண்டறிக்கையும் கேள்வியும். அவர்கள் கையில் இருந்தவை துப்பாக்கியும் அரிவாளும். இந்த வேறுபாட்டையும் நாமே அழித்துவிட்டால், பிறகு எதைக் காட்டி நாம் வேறு என்போம்?

ருஷ்திக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். 2022 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்காவில் சட்டாக்குவா என்னும் ஊரில் மேடையேறிய அவரை ஓர் இளைஞன் பலமுறை குத்தினான். ருஷ்தி உயிர் பிழைத்தார். ஒரு கண்ணை இழந்தார். அந்நூல் வெளிவந்தபோது குத்தியவன் பிறக்கவே இல்லை. நூலில் இரண்டு பக்கம் போலத்தான் படித்திருப்பதாக அவனே பின்னர் ஒரு செய்தித்தாளிடம் கூறினான். 2025இல் அவனுக்கு 25 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இரண்டு பக்கம் படித்தவன் கத்தியைத் தூக்கினான். முழுவதும் படித்திருந்தால் மறுப்பு ஒன்று எழுதியிருக்கலாம். கண் இழந்தவரோ மீண்டும் பேனாவை எடுத்தார். தமக்கு நேர்ந்ததை 2024இல் ‘கத்தி’ என்ற பெயரிலேயே நூலாக்கினார்.

நம் நாட்டுத் தடையின் கதை இன்னும் வேடிக்கை. அத்தடையை எதிர்த்து ஒருவர் டில்லி உயர்நீதிமன்றம் சென்றார். தடை ஆணையின் படியைக் காட்டுங்கள் என்றால், எந்த அலுவலகத்தாலும் காட்ட முடியவில்லை. 2024 நவம்பரில் நீதிமன்றம், அப்படி ஓர் ஆணை இல்லை என்றே கருதவேண்டும் என்றுரைத்து வழக்கை முடித்தது. 36 ஆண்டுகள் ஒரு நூலை நாட்டுக்குள் வரவிடாமல் தடுத்த காகிதம், கேட்டபோது காணோம்! மெய்நிகர் உலகம் காண முதுகில் துளை போடவும் வேண்டுமோ?

இங்கே ‘மேட்ரிக்ஸ்’ படத்தையும் ஒரு சொல் சொல்லவேண்டும். அதுவும் பொய்யுலகைப் பற்றிய கதைதான். இளைஞர் பலர் அதையே பகுத்தறிவுப் படம் என்று கொண்டாடுகின்றனர். ஆனால் அதில் நடப்பது என்ன? குறி சொல்லும் கிழவி வருகிறாள். மக்களை மீட்க ஒருவன் வருவான் என்ற முன்னறிவிப்பு இருக்கிறது. அவன் வருகிறான், இறக்கிறான், மீண்டும் உயிர்த்தெழுகிறான். பொய்யுலகைக் கிழித்துவிட்டு அந்த இடத்தில் ஓர் அவதாரத்தை உட்கார வைப்பதற்கு இத்தனை கோடி செலவு! குரோனன்பெர்க்கின் படத்தில் மீட்பர் இல்லை. நெற்றியில் குறியிட்டு அனுப்பப்பட்டவர் எவரும் இல்லை. பார்ப்பவனே எண்ணித் தெளியவேண்டும். அது பெருங்கூட்டத்தைக் கவராமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தேர் இழுக்கக் கூடும் கூட்டம், தெளிவுரை கேட்கக் கூடுவதில்லை.

குறையே இல்லாத படம் என்று நாம் சொல்ல வரவில்லை. மெய்ம்மையாளர்க்குத் துப்பாக்கியைக் கொடுத்த இயக்குநர், அவர்களுக்கு ஒரு வாதத்தையேனும் கொடுத்திருக்கலாம். இந்த மயக்கத்தால் யாருக்கு இலாபம், ஆலையில் அறுத்துக்கொண்டிருப்பவன் கூலி என்ன, நாள் முழுதும் ஆட்டத்தில் கிடப்பவன் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று கேட்கும் ஒருவரேனும் அப்படத்தில் இல்லை. மயங்குபவன், மயக்குபவன், கொல்பவன் ஆகிய மூவரே இருக்கின்றனர். கேட்பவன் என்னும் நாலாமவன் இல்லை. அந்த வெற்றிடம் படத்தின் குறை. அதை நிரப்ப வேண்டியது நம் வேலை.

தம்பி கேட்டாரே, வேறு எப்படித்தான் நிறுத்துவது என்று, அதற்கு விடை நம் இயக்கத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1953இல் பெரியார் பிள்ளையார் சிலையை உடைத்தார். ஒளிந்து சென்று உடைக்கவில்லை. முன்னரே அறிவித்துவிட்டு, பட்டப்பகலில் உடைத்தார். உடைத்தது மண்ணால் செய்த பொம்மையை. பூசாரியின் மண்டையில் ஒரு கீறலும் விழவில்லை. வழக்குப் போட்டனர், நீதிமன்றத்தில் நின்றார். சிலையின் தோற்றம் கலைந்தது. கும்பிட்டவனின் உயிர் கலையவில்லை. உயிரோடு இருந்ததால்தான் அவனிடம் பேச முடிந்தது. பேச முடிந்ததால்தான் அவன் மகன் நம் கூட்டத்துக்கு வந்தான். கும்பிடுபவனைக் கொன்றிருந்தால் சிலைக்கு ஒரு தியாகி கிடைத்திருப்பான். சிலை இன்னும் ஒரு முழம் வளர்ந்திருக்கும். தாம் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம், உங்கள் அறிவைக் கொண்டு ஆராய்ந்து ஏற்பதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கூட்டந்தோறும் சொன்னவர் அவர். அந்தச் சொல்லை மெய்ம்மையாளர் படையில் ஒருவனாவது கேட்டிருந்தால் துப்பாக்கி கீழே விழுந்திருக்கும்.

மாயையைச் சுட முடியாது, தம்பி. சுட்டால் விழுவது மனிதன்; மாயை அடுத்த மனத்துக்குத் தாவிவிடும். நூரிஷ் செத்தான், ஆட்டம் செத்ததா? கடைசியில் நடுங்கியவன் கேட்டது அதைத்தானே!

இன்று கண்களை மூடி மாட்டிக்கொள்ளும் கருவிகள் கடைக்கு வந்துவிட்டன. ஃபேஸ்புக் நிறுவனம் 2021இல் தன் பெயரையே மாற்றிக்கொண்டு, இத்தகைய உலகில் குடியேற வருமாறு மக்களை அழைத்தது. இவற்றை விற்பவர்கள் அரக்கர்களும் அல்லர், தெய்வங்களும் அல்லர்; வணிகர்கள். வணிகனிடம் கேட்க வேண்டியது விலை என்ன, இலாபம் யாருக்கு, என்னிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறாய் என்பன. அருவியைப் பார்க்க வசதியில்லாத சிறுவனுக்கு அக்கருவி அருவியைக் காட்டுமானால் வரவேற்போம். அருவிக்குச் செல்லும் உரிமையை அவனிடமிருந்து பறித்துவிட்டு அருவியின் படத்தை விற்குமானால் எதிர்ப்போம். எதிர்ப்பு எழுத்தில் இருக்கட்டும், மேடையில் இருக்கட்டும், சட்டமன்றத்தில் இருக்கட்டும், கருவி செய்யும் தொழிலாளியின் சங்கத்தில் இருக்கட்டும்.

தோழர்களே, உங்கள் ஊர்ப் படிப்பகங்களில் இப்படத்தைத் திரையிடுங்கள். பழிப்பவரையும் அழையுங்கள், புகழ்பவரையும் அழையுங்கள், மாயாவாதியையும் முன்வரிசையில் அமர்த்துங்கள். மறக்காமல், துப்பாக்கியே சரி என்று சொல்லும் தம்பியையும் அழையுங்கள். அவரை விலக்கிவிடாதீர்கள், பேசவிடுங்கள், பேசுங்கள். பொய்யின்மீது அவருக்குள்ள சினம் நமக்கு வேண்டும். அந்தச் சினத்தின் கையில் துப்பாக்கிக்கு மாறாகக் கேள்வியைக் கொடுக்கும் பொறுப்பு, முன்னே பிறந்த நமக்கு உண்டு.